மூன்றாம் தொட்டியின் பட்டினி

காலை ஆறரை. மூன்றாம் தொட்டியிலிருந்து எடுத்த பத்து மீன்களும் தின்றதையெல்லாம் மயக்க மருந்து வாளியில் கக்கின.

"நிறுத்துங்க!" மீன் டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார். தடுப்பூசிக்கு முன் இரண்டு நாள் மீனுக்குத் தீனி கிடையாது. வயிறு நிறைந்திருந்தால் கக்கியது செவுளை அடைக்கும், ஊசியும் குடலில் இறங்கிவிடும். நல்லவேளை, முதலில் பத்தில் சோதித்துப் பார்ப்பது அவர் வழக்கம். நல்ல தண்ணீரில் விட்டதும் பத்தும் செவுளை அசைத்தன. அப்பாடா என்றிருந்தது.

பண்ணை முதலாளியோ தீனிக்காரரைக் காட்டித் தாம்தூமென்று குதித்தார். "தீனி ரூம் சாவி இவன்கிட்டதான் இருக்கு! வேற யாரு போட முடியும்? டேய், இன்னைக்கே மூட்டையக் கட்டு!"

குஞ்சாக வந்த நாள் முதல் அந்த மீன்களை வளர்த்த தீனிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "சத்தியமா நான் போடல முதலாளி."

டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வாளியில் கைவிட்டுத் துழாவினார்.

"நீங்க போடற தீனி என்ன நிறம்?"

"பழுப்புங்க. குருணை மாதிரி இருக்கும்."

"இது வெள்ளையா, பிசுபிசுன்னு இருக்கே. எங்க நின்னு போடுவீங்க?"

"பம்ப் பக்கந்தான். வாளியத் தட்டுனா ஓடி வரும்."

தொட்டியைச் சுற்றி வந்தார். பம்ப் பக்கம் ஈ காக்கை இல்லை. மீன்களெல்லாம் எதிர் மூலையில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. அங்கே நிழலும் இல்லை, காற்றுக் குழாயும் இல்லை. மேலே வீட்டு ஜன்னல் ஒன்று மூடிக் கிடந்தது.

"அது யாரு ரூம்?"

"எங்க மாமனார் ரூம். சர்க்கரை ஏறிடுச்சுன்னு பத்தியத்துல இருக்கார். அவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?" என்றார் முதலாளி.

"ஜன்னலத் திறக்கச் சொல்லுங்களேன்."

ஜன்னல் கதவு கிறீச்சிட்டது. அவ்வளவுதான்! தண்ணீர் உலை மாதிரிக் கொதித்தது. தொட்டி முழுக்க வாயைப் பிளந்துகொண்டு ஜன்னலையே பார்த்தது. ஜன்னலில் மாமனார். ஒரு கன்னம் உப்பியிருந்தது. கையில் பாதி பன்.

"சாட்சி சொல்லிட்டாங்க," என்று சிரித்தார் டாக்டரம்மா. "சோறு போடற இடத்த மீன் மறக்காது. தீனிக்காரர் போட்டிருந்தா பம்ப் பக்கம்ல காத்துக் கிடக்கும்? எல்லாரும் சாவியவே பார்த்தீங்க, மீன் எங்க நிக்குதுன்னு யாரும் பார்க்கல."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "மாமா! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"ரெண்டு நாள் பட்டினின்னு காதுல விழுந்துச்சு மாப்பிள்ளை. பசின்னா என்னன்னு இந்த வீட்டுல எனக்குத்தானே தெரியும்? உங்களுக்குத் தெரியாம வாங்கி வந்த பன்னுல எனக்குப் பாதி, மீனுக்குப் பாதி," என்றார் மாமனார், மென்றுகொண்டே. பிறகு தீனிக்காரரைப் பார்த்து அசடு வழிந்தார். "மன்னிச்சிடுப்பா. உன் தலை உருளும்னு நினைக்கல."

டாக்டரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுபடி இரண்டு நாள் பட்டினி, அப்புறம்தான் ஊசி என்று சொல்லிவிட்டார்.

தீனிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "முதலாளி, அப்ப நான் மூட்டையக் கட்டணுமா?"

முதலாளி அவர் தோளில் கை போட்டார். "தப்பு என்மேலதான்யா. அவசரப்பட்டு வாய விட்டுட்டேன். நீ போய்ட்டா இந்த மனுஷன யாரு காவல் காக்கறது?"