கல்லுக்கு அடியில் தெரு

கருங்கற்களுக்கு அடியில் யாரோ கதவைத் தாழிட்டார்கள்.

ஜெமிமா நின்று காதுகொடுத்துக் கேட்டாள். அலைதான். கடல் ஊருக்குள் வராமலிருக்க ஆளுயரக் கற்களை லாரி லாரியாகக் கொட்டி வைத்திருந்தார்கள். அந்த இடுக்குகளில் தண்ணீர் புகுந்து வெளியேறும்போது எந்தச் சத்தம்தான் வராது. ஆனாலும் பாதி தள்ளி, கொஞ்சம் தூக்கி, மீதியைத் தள்ளி, துருப்பிடித்த தாழ்ப்பாளின் குணமறிந்து போடுகிற மாதிரி இருந்தது. இந்த ஊரில் அலைகூட ஒழுங்காக அடிக்காது என்று முடிவுகட்டி மேலே ஏறினாள்.

அவள் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஜூன் மாதம், கூட வேலை பார்க்கும் எழில்மொழியோடும் தமீமோடும் பத்து நாள் விடுமுறையில் சென்னை பார்க்க வந்திருந்தாள். தாத்தா நாசரேத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போய் மளிகைக்கடை வைத்தவர். அவர் இந்த நாட்டைவிட்டுப் போன புத்திசாலித்தனத்தைக் காலையிலிருந்து மூன்று முறை மெச்சிவிட்டாள். காசிமேட்டு மீன் ஏலத்தில் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைப் பார்த்து, "இதுக்கா டிக்கெட் போட்டு வந்தோம்?" என்றாள். கல்மண்டபத்தில் தமீம் ரோட்டோரம் நின்று ரசித்துச் சாப்பிட்டபோது, சாக்கடையைக் குடிப்பவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். திருவொற்றியூர் கோயிலுக்குள் எழில்மொழி மட்டும் போய்வந்தாள். வெளியே வந்தவளிடம் ஜெமிமா, "சாமி இந்த நாத்தத்துல எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள். எழில்மொழி அதற்குப் பிறகு அவளோடு அதிகம் பேசவில்லை.

எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டன. "இப்போதைக்கு நவுராது, டீ சாப்ட்டு வந்துருங்க" என்று டிரைவர் சுப்புராஜ் வண்டியை ஓரங்கட்டினார். மற்றவர்கள் எதிரே டீக்கடைக்குப் போனார்கள். அந்தக் கண்ணாடி டம்ளரைத் தொட ஜெமிமாவுக்கு மனமில்லை. மணலி ஆலைகள் பக்கமிருந்து வந்த வாயு நாற்றத்துக்குக் கடல்காற்று தேவலை என்று இந்தப் பக்கம் வந்தாள். மணி ஐந்தரை இருக்கும். வெயில் முதுகுப்பக்கம் சாய்ந்து, லாரிகளின் நிழல் கற்கள்மேல் நீளமாகக் கிடந்தது.

"ஏம்மா, அங்க ஏறாத."

கீழே தார்ப்பாயில் கருவாடு காயவைத்திருந்த பெண். குணசுந்தரி என்று கையில் பச்சை குத்தியிருந்தாள்.

"ஏன், இது உங்க இடமா?"

"எங்க இடந்தாம்மா. கீய எங்க தெரு கீது. ரெண்டு வரிசை வூடு. கடலு எட்த்துகினு போச்சு. அது மேலதான் கல்லு கொட்னாங்கோ. ஏறுனாக்கூடப் பரவால்ல, குந்திகினு பேசாத."

"பேசினா என்ன ஆகும்?"

குணசுந்தரி ஒரு மீனைத் திருப்பிப் போட்டாள். "வூட்டுக்கு யாரோ வந்துகீறாங்கன்னு நென்ச்சிக்கும்."

"யாரு நெனச்சுக்கும்?"

குணசுந்தரி எழுந்தாள். இன்னும் வெயில் இருந்தும், அவசரமாகக் கருவாட்டை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஜெமிமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெரிய கல்லொன்றில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். உட்காராதே என்றதற்காகவே உட்கார்ந்தாள். எழில்மொழியைச் செல்போனில் அழைத்தாள். "ஒரு மீன்காரம்மா எனக்குப் பேய்க்கதை சொல்லுது. இவங்களுக்குப் பேயை வச்சுக்கக்கூட ஒழுங்கா ஒரு மரம் இல்ல பாரு." மறுமுனையில் எழில்மொழி, "வண்டி நவுந்தா கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

அந்த அலட்சியம் ஜெமிமாவைச் சுட்டது. இடுக்கை நோக்கிக் குனிந்தாள். குணசுந்தரியைப்போலவே குரலை மாற்றிக்கொண்டு உரக்கக் கேட்டாள்.

"உள்ள யார்னா கீறீங்களா? நான் வந்துகீறேன்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

கடல் முன்போலவே கல்லில் மோதி நுரைத்தது, அதன் ஓசை மட்டும் வெகுதூரத்துக்குப் போய்விட்டது. பிறகு, அடியில், துடைப்பம் தரையைப் பெருக்குகிற நிதானமான சரசரப்பு, வாசலில் கையால் தண்ணீர் தெளிக்கிற சளக் சளக், அடுக்கிலிருந்து ஒரு பாத்திரத்தை மட்டும் உருவி எடுக்கும்போது மற்றவை இடித்துக்கொள்கிற ஓசை, பம்ப் ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கிற மூச்சு, அதைத் தொடர்ந்து சூடான எண்ணெயில் கடுகு பொரிகிற வாசனை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இடுக்கின் வழியே அவள் முகத்துக்கு ஏறி வந்தன. யாரோ விருந்தாளிக்கு வீட்டை ஒழுங்குசெய்கிறார்கள்.

டீக்கடை வாசனை என்று சொல்லிக்கொண்டாள். காற்று கடலிலிருந்து அடித்தது. டீக்கடை இருந்தது எதிர்ப்பக்கம்.

எழுந்தாள். அவசரத்தில் போன் நழுவியது. கல்லில் ஒருமுறை தட்டி, இடுக்கில் விழுந்தது.

அதில்தான் எல்லா எண்களும் இருந்தன. கல்மேல் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டாள். முழங்கை வரை ஈரம், பாசி. அதற்குக் கீழே ஈரமில்லை. விரல் நுனியில் பட்டது வழவழவென்று இருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர். வெதுவெதுப்பாக இருந்தது. தோள் வரை இறக்கினாள்.

போன் அடித்தது. கீழே, ஆழத்தில், நீல வெளிச்சம் தெரிந்தது. அது தானாக மேலெழுந்தது, ஒரு காதின் உயரத்துக்கு.

"சொல்லு எழில்." ஜெமிமாவின் குரல். அவளுடையதேதான். "நீங்க கெளம்புங்க. இங்க எங்க வூட்டாண்ட கீறேன். வர லேட்டாவும்."

சாலைக்கு அந்தப் பக்கம் எழில்மொழி போனைக் காதில் வைத்து நிற்பது தெரிந்தது. இன்னும் கேலிதான், ஆட்டோ பிடித்து வந்துவிடுவாள் என்று நினைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டிக்கொண்டாள். தமீமிடம் ஏதோ சொன்னாள். இருவரும் வண்டியில் ஏறினார்கள்.

ஜெமிமா கத்தினாள். லாரிகள் நகரத் தொடங்கியிருந்தன. ஹாரன்கள் எல்லாவற்றையும் விழுங்கின. வெள்ளை வண்டி இரண்டு கண்டெய்னர்களுக்கு நடுவே நுழைந்து மறைந்தது.

கையை இழுத்தாள். வரவில்லை.

எங்கும் சிக்கியிருக்கவில்லை. பிடித்திருந்தார்கள். உலர்ந்த, சொரசொரப்பான, பெண்ணின் கை. வலிக்காமல் பிடித்திருந்தது. அவள் விரல்களைச் சேர்த்துக் குவித்தது. குளிர்ந்த வளையம் ஒன்று கட்டைவிரல் எலும்பைத் தாண்டி மணிக்கட்டில் ஏறியது. கண்ணாடி. இன்னொன்று. இன்னொன்று. கீழே குழந்தைகள் கிசுகிசுத்தன. யாரோ அதட்டினார்கள்.

"அம்மா," என்றாள் ஜெமிமா. "யாராவது."

"வா," என்றது கீழே அவள் குரல். அன்பாக.

காலடியில் அசைவு. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பாதத்தருகே இருந்த இடுக்கிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே வந்திருந்தது. நகக்கண்ணெல்லாம் உப்பு. அது அவள் செருப்பின் வாரை அவிழ்த்தது. ஒன்றைக் கழற்றியது. பிறகு மற்றதை. இரண்டையும் கல்லின் ஓரத்தில், விருந்தாளி வாசலில் விட்டதுபோல், முனை சாலையைப் பார்க்கும்படி, ஜோடி சேர்த்து வைத்தது.