லாக்கப் டைரியில் மூன்று கையெழுத்து

“துவான்! நாலாம் நம்பர் லாக்கப்புல... ஆளு மூச்சுப் பேச்சில்லாம கெடக்கிறாரு!”

போனில் மேலதிகாரியிடம் அலறியது லான்ஸ் கார்ப்பரல் வேலு.

பகல் ஒன்று ஐம்பது. ஸ்டேஷனில் டியூட்டியில் இருக்க வேண்டிய இன்ஸ்பெக்டர் ஹேமநாதன் இருந்ததோ, கெலாங் பாத்தாவில் ஒரு மீன்குளத்துக் கரையில். தலைக்கு மேல் குடை, பக்கத்தில் ஐஸ் காப்பி, கையில் தூண்டில்!

“எவன்டா அது?”

“சதாசிவம், துவான். தெப்ராவ் பக்கத்து லாரி டிரைவர். நேத்து அடிதடி கேஸ்ல புடிச்சோமே...”

ஒரு மனிதனின் உயிர் ஊசலாடுகிறது என்றால் நீங்களும் நானும் என்ன கேட்போம்? ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சா என்றுதானே?

ஹேமநாதன் கேட்டது இது.

“லாக்கப் டைரியில என் கையெழுத்து இருக்கா?”

“இல்ல துவான்... காலையிலேர்ந்து நீங்க வரவே இல்லையே.”

“அலமாக்! எவன்கிட்டயும் வாயத் தொறக்காத!”

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை டியூட்டி அதிகாரி லாக்கப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் ஒழுங்கு நடவடிக்கை. வருகிற திங்கட்கிழமை அவனுக்குப் பதவி உயர்வு நேர்காணல். பதினோரு வருடமாகக் கண்டவர் காலையெல்லாம் பிடித்து வாங்கிய நேர்காணல்!

அரை மணியில் ஸ்டேஷன்.

ஆம்புலன்ஸ் வந்து போயிருந்தது. காலியாகக் கிடந்த நாலாம் அறையை அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே டைரி!

ஒன்பதரை... கையெழுத்து. பதினொன்றரை... கையெழுத்து. ஒன்றரைக்கு வந்ததும் மூளை வேலை செய்தது. இருந்த கொஞ்சூண்டு மூளை!

‘காவலில் இருந்த வேலுவைக் காணோம். நானே தனியாக அறையைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தேன். கைதி நலம்.’

வேலு பதறினார்.

“நான் எங்கேயும் நகரலையே துவான்! ஆம்புலன்ஸக் கூப்பிட்டதே நான்தானே? பென்ஷனுக்கு இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு...”

“அதனாலதான் உன் பேரைப் போட்டேன். எட்டு மாசம்தானே, போனாப் போவுது. பேசாம ஒத்துக்க. இல்ல, நீதான் அவனை அடிச்சேன்னு எழுதுவேன்!”

சீ! இப்படியும் ஒரு பிறவி.

மூன்று மணிக்கு வந்தார் ஏ.எஸ்.பி. சாந்தினி. ஒழுங்கு விசாரணைப் பிரிவின் பெண் அதிகாரி. அவர் கார் வாசலில் நின்றாலே பல தொப்பைகள் உள்ளே போகும். டைரியை நிதானமாகப் படித்தார்.

“நீங்களே எழுதினதா, இன்ஸ்பெக்டர்?”

“ஆமா புவான். ரூல்ஸ்னா ரூல்ஸ்!”

“ஒன்றரைக்கு வேலு இல்ல?”

“ஆளே இல்ல புவான். இவனுங்களுக்கு டிசிப்ளினே கெடையாது.”

“நீங்க மட்டும்தான் உள்ள போனீங்க?”

“நான் மட்டும்தான்!” நெஞ்சை நிமிர்த்தினான்.

“அப்போ சிக்கல்தான். சதாசிவம் கழுத்துல விரல் தடம் இருக்கு. ஒன்றரை மணி வாக்குல பட்டதா டாக்டர் சொல்றாரு.”

நிமிர்ந்த நெஞ்சு தளர்ந்தது.

“பு... புவான்?”

“அந்த நேரத்துல அவர் பக்கத்துல இருந்தது ஒரே ஆளு. நான் சொல்லல... உங்க டைரி சொல்லுது.”

கொலை! தூக்குக் கயிறு! ஹேமநாதன் கார் சாவியை எடுத்து நீட்டினான்.

“ஐயோ, நான் இங்க இல்லவே இல்ல புவான்! கெலாங் பாத்தாவுல மீன் புடிச்சுக்கிட்டிருந்தேன்! குளத்துக்காரன்கிட்ட கேளுங்க! கார் பூட்டுல மூணு பாத்தின் மீன் இருக்கு, வந்து பாருங்க!”

“அப்ப இந்தக் கையெழுத்து?”

“எல்லாம் பொய்! இப்பதான் போட்டேன்! வேலு நகரவே இல்ல! டியூட்டிக்கு வரலன்னு என்மேல ஆக்‌ஷன் எடுங்க புவான்... கெஞ்சிக் கேக்கறேன்!”

“எழுதிக் குடுங்க.”

எழுதினான். ஒன்று விடாமல் எழுதினான்.

சாந்தினி அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். வேலு பக்கம் திரும்பினார்.

“நல்ல வேளை அண்ணே, நேரத்துக்கு அனுப்பினீங்க. இழுப்பு வந்து, மூச்சு முட்டி, தன் கழுத்தைத் தானே புடிச்சிருக்காரு. இப்ப வார்டுல உக்காந்து மிலோ குடிக்கிறாரு.”

வேலுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஹேமநாதனுக்குக் கண் பிதுங்கியது.

“அவன்... சாகலையா? செத்துட்டான்னு சொன்னீங்களே புவான்!”

“நான் எங்க சொன்னேன்? நீங்கதான் கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல.”

சாந்தினி தொப்பியை மாட்டிக்கொண்டார்.

“அதுவும் இல்லாம, பொய் சொன்னா எனக்கும் ஒழுங்கு நடவடிக்கை வரும் லா!”