தொப்பை விழுந்த குழாய்

காலை எட்டரைக்கு நகை காணவில்லை என்று தெரிந்தது. ஒன்பதுக்குள் திருடி யார் என்று குடும்பம் முடிவு செய்துவிட்டது. போலீசைக் கூப்பிட்டதெல்லாம் அந்த முடிவுக்கு முத்திரை குத்தத்தான்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் ஒரு கான்ஸ்டபிளுடன் வந்து சேர்ந்தபோது கூடத்தில் தீர்ப்பு வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. வாசித்தவர் வீட்டின் மூத்த மகன். ஏதோ ஒரு கம்பெனியில் விற்பனை மேலாளர். பல்பு மாட்டுவதிலிருந்து பூமி சுற்றுவதுவரை எல்லாவற்றுக்கும் விளக்கவுரை நிகழ்த்துவதால் உறவினர்கள் 'புரொபசர்' என்பார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர். அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

"பீரோ சாவி அம்மா தலகாணிக்கு அடியில இருக்கும், மேடம். தினம் அந்தப் படுக்கையத் தட்டிப் போடுறது யாரு? இவ. தர்க்கரீதியா யோசிங்க!"

'இவள்' சுவரோரம் நின்றிருந்தாள். இளைய மருமகள். புருஷன் செத்து ஒரு வருடம், பிள்ளை இல்லை. மாமியாரைக் குளிப்பாட்டி, உடுத்தி, மாத்திரை கொடுப்பதெல்லாம் அவள்தான். அதனால்தான் சாவி இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் பணிவிடையே தடயமாகிவிட்டது.

"என்ன போச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு துணிப்பை. என் வளையல், சங்கிலி, நாலு வெள்ளிக் கிண்ணம்," என்றாள் மாமியார். "நல்ல கனம். கடைசியா எப்பப் பாத்தேன்னு ஞாபகம் இல்ல."

"நேத்து ராத்திரிதான்," என்றார் புரொபசர்.

"பாத்தீங்களா?"

"அனுமானம், மேடம்."

மூத்த மருமகள் இடையில் புகுந்தாள். "அனுமானம் என்ன, இவளத் தவிர வேற யாரு? கூட்டிட்டுப் போங்க. அறையும் இன்னைக்கே காலியாகணும். திருடியோட ஒரே கூரைக்குக் கீழ எங்களால இருக்க முடியாது."

"நான் எடுக்கல, மேடம்," என்றாள் இளையவள். "எனக்குப் போக வேற இடமும் இல்ல."

இன்ஸ்பெக்டர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நடையில், அட்டையும் கயிறும் பிரிக்காமல் பெரிய மேசை ஒன்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

"இது?"

"என் வாசிப்பறைக்கு," என்றார் புரொபசர்.

வீட்டில் படுக்கையறை மூன்று. ஒன்றில் தாய், ஒன்றில் மூத்த ஜோடி, ஒன்றில் இளையவள். வாசிப்பறை எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை.

குளியலறையில், எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நேர் கீழே ஒரு வாளி. டொக், டொக் என்று சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"இது எப்பலேர்ந்து?"

"போன வாரத்துலேர்ந்து, மேடம்," என்றாள் இளையவள். "அத்தை வழுக்கி விழுந்துடுவாங்கன்னு தொடச்சிக்கிட்டே இருக்கேன். மெக்கானிக்கக் கூப்பிடலாம்னேன். மாமா வேணாம்னுட்டாரு." புரொபசரைக் காட்டினாள்.

"குழாய்க்கு வாஷர் மாத்தக்கூட இவனுக்கு மெக்கானிக் வேணும்," என்று கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "இதுக்கு மட்டும் வேணாமாம்."

புரொபசர் தொண்டையைச் செருமினார். வகுப்பு ஆரம்பமாயிற்று.

"மெக்கானிக்குக்கு என்ன தெரியும்? இது விஞ்ஞானம். குளிக்கிறப்ப வர்ற ஆவிய ஃபேன் இழுத்து, மேல பரண் வழியா ஒரு அகலமான, வளையிற குழாய்ல வெளிய தள்ளுது. பரண்ல குளிர். ஆவி குளிர்ந்த குழாய்ல பட்டதும் தண்ணியாயிடும். குழாய் நடுவுல தொப்பை போட்டுத் தொங்குது. தண்ணி அங்க தேங்கி, ரொம்பி, இந்தப் பக்கமா திரும்பி வருது. இந்த வருஷக் குளிருக்கு இதெல்லாம் சகஜம்."

"இந்த வருஷம் குளிரே இல்லையேடா! போன வருஷம்தான் விரலெல்லாம் வெறச்சுது," என்றாள் தாய்.

"அம்மாவுக்கு மறதி," என்று புன்னகைத்தார் புரொபசர்.

"நீங்க பரண்ல ஏறிப் பாத்தீங்களா, சார்?"

"நானா? எனக்கு முட்டிவலி. ஏணில கால் வச்சே ரெண்டு வருஷமாச்சு. இந்த வீட்ல யாரும் அங்க ஏறுறதில்ல."

இன்ஸ்பெக்டர் கொல்லைப்பக்கம் போனார். சுவரில் அந்தக் குழாயின் வெளிவாய் தெரிந்தது. அதன் கீழே தரைவரை கை அகலத்துக்குப் பாசி. விரலால் தொட்டார். பொடிப்பொடியாக உதிர்ந்தது.

உள்ளே வந்து கான்ஸ்டபிளிடம் ஒரே வார்த்தை சொன்னார். "ஏணி."

கால் மணி நேரத்தில் கான்ஸ்டபிள், தலையெல்லாம் ஒட்டடையுடன், சொட்டச் சொட்ட ஒரு துணிப்பையை இறக்கிக்கொண்டு வந்தார். "குழாயோட இணைப்பப் பிரிச்சு உள்ள திணிச்சு, மறுபடி டேப் சுத்தியிருக்காங்க, மேடம். அந்த டேப்பு மட்டும் புதுசு."



"குழாய மாட்டினவன் வெளிப்பக்கம் சரிவா மாட்டியிருக்கான்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஊறுற தண்ணியெல்லாம் வெளிய வடிஞ்சு, வருஷக்கணக்கா பாசி வளந்திருக்கு. இப்ப அந்தப் பாசி காஞ்சு கெடக்கு. குளிர் கொறஞ்சும் தண்ணி உள்ள வருதுன்னா, சரிவு மாறியிருக்கணும். இந்தக் கனம்தான் குழாய நடுவுல இழுத்துத் தொங்க விட்டிருக்கு. அப்ப திருட்டு நேத்து நடக்கல. சொட்ட ஆரம்பிச்சப்பவே நடந்துடுச்சு."

"அதையும் இவதான்..." என்று ஆரம்பித்தாள் மூத்தவள்.

"ஒளிச்சு வச்சவ மெக்கானிக்கக் கூப்பிடச் சொல்லுவாளா?" இன்ஸ்பெக்டர் புரொபசர் பக்கம் திரும்பினார். "கீழ நின்னு பாத்தா சொட்டு தெரியும், சார். மூடின பரணுக்குள்ள இருக்கிற குழாயோட தொப்பை எப்படித் தெரியும்? ஏணில கால் வைக்காத ஆளுக்கு?"

"அது வந்து... பொதுவா..."

வாழ்க்கையில் முதல்முறையாகப் புரொபசர் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று சீறினாள் மனைவி. வாக்குமூலம் தனியாக எழுதி வாங்க வேண்டியிருக்கவில்லை.

மாமியார் வளையல்களை முந்தானையில் துடைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "புகாரெல்லாம் வேணாம், மேடம். என் பையன் என் நகைய ஒரு எடத்துல வச்சிருந்தான். அதுக்குப் பேரு திருட்டா?"

"இவங்கள எல்லாரும் திருடின்னு சொன்னீங்களே?"

"கோவத்துல நாலு வார்த்த வரத்தான் செய்யும். குடும்பம்னா அப்படித்தான்." அவள் இளைய மருமகளைப் பார்த்தாள். "நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. போய் வெந்நி போடு. குளிக்க நேரமாச்சு."

இளையவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் வாளி. வாளியைப் புரொபசரின் காலடியில் வைத்தாள்.

"ரொம்பிடுச்சு, மாமா. ஊத்திடுங்க."

"எங்க போவீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியல."

இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்த மகளிர் விடுதி ஒன்று இருந்தது. "வாங்க, நான் கொண்டுபோய் விடுறேன்," என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

வண்டி கிளம்பிய பிறகுதான் தெருவைப் பார்த்தார். வாசல்தோறும் தலைகள். அவர்கள் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: நகை காணாமல் போன வீடு, போலீஸ் ஜீப், அதில் பெட்டியோடு ஏறிய விதவை.

பக்கக் கண்ணாடியில், புரொபசர் வாசலுக்கு வருவது தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் ஏதோ கேட்டார். புரொபசர் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்தார்.