பாறையோடு வந்தவை

பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு நாங்கள் போனது பட்டப்பகலில். பேய் பிசாசு நடமாடுகிற நேரமே இல்லை. நாலைந்து பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் கடல்நீர் மீன்தொட்டி ஒன்று நீல வெளிச்சத்தில் மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

நானும் என் தம்பியும் மீன்தொட்டி பராமரிக்கிறவர்கள். அம்மா கண்மூடும்போது அவன் அரைக்கால் சட்டைப் பையன். குளிப்பாட்டி, தலைசீவி, அடித்து, அணைத்து, கல்யாணம் பண்ணிவைத்தது வரை எல்லாம் நான்தான். எனக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அவன் ஒருவன்.

"புதுப் பாறை வாங்கிப் போட்டதுலேர்ந்து இப்படி," என்றார் டாக்டரம்மா. "கண்ணாடி பூரா பொடிப்பொடியா என்னமோ ஊருது. மீனெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. ஒரு முள்ளுகூட கிடைக்கல."

கடல் பாறையோடு எதுவாவது ஒட்டிக்கொண்டு வருவது சகஜம். புழு வரும், நண்டுக்குஞ்சு வரும், வெள்ளைப் பூச்சி வரும். பூச்சியென்றால் மீனுக்குத் தீனி, கவலையே இல்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். உப்புத்தூள் அளவுதான். கால் இல்லை, மீசை இல்லை, வால் இல்லை. இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

இடப்பக்கம் நகர்ந்தேன்.

அவையும் நகர்ந்தன.

"உன் அழகுல மயங்கிடுச்சுங்கண்ணே," என்றான் தம்பி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் உயிரை நல்ல தண்ணீரில் விட்டால் கொஞ்ச நேரத்தில் சுருண்டுபோகும். ஒரு டம்ளர் குடிதண்ணீரில் அவற்றில் கொஞ்சத்தைச் சுரண்டிப் போட்டேன். சுருளவில்லை. மெதுவாக டம்ளரின் ஒரு பக்கமாகப் போய்த் திரண்டு நின்றன. அந்தப் பக்கத்தில்தான் தம்பி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொட்டியக் காலி பண்ணிடலாம்," என்றேன். "வண்டிலேர்ந்து பம்ப எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் எதையும் தொடாத."

திரும்பி வந்தபோது வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. காத்திருக்கச் சோம்பல்பட்டு, குழாயின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சி இழுத்துவிட்டிருக்கிறான். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலைதான். வாய்க்கு வரும் தண்ணீரைத் துப்பிவிடுவோம்.

"துப்பினியாடா?"

உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"துப்பத்தான் போனேன். இனிச்சுதுண்ணே."

வாளிக்குள் பார்த்தேன். தொட்டியைப் பார்த்தேன். டம்ளரைப் பார்த்தேன். ஒரு பொடியைக்கூடக் காணோம்.

மறுநாளே அவனுக்குத் தாகம் பிடித்தது. நல்ல தண்ணீரை வாயில் வைத்தாலே குமட்டியது. தொட்டிக்கென்று வைத்திருந்த கடலுப்பைக் கரைத்துக் கரைத்துக் குடித்தான். அவன் வீட்டிலிருந்த உப்பு மூட்டையை என் வீட்டுக்குத் தூக்கி வந்து ஒளித்து வைத்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம், வயிறு, தலை எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு அவன் பேச்சை நிறுத்தினான். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இமை கொட்டுவதில்லை. நான் எந்தப் பக்கம் போனாலும் அவன் உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்தது.

ஒரு மத்தியானம் அவன் பெண்டாட்டி போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"மாமா, அந்த உப்பக் கொண்டாந்துடுங்க. குடுத்துத் தொலைச்சிடலாம். என்னையே பாத்துக்கிட்டிருக்காரு."

மூட்டையோடு ஓடினேன். கதவு திறந்திருந்தது. வாசலில் அவள் செருப்பு கிடந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். படுக்கையறை, குளியலறை, பின்கட்டு எங்கும் பார்த்தேன். ஆள் இல்லை.

தம்பி நாற்காலியில் இருந்தான். முகம் பளபளவென்று இருந்தது.

ஓடிப்போயிருக்க வேண்டும் நான். அது இன்னும் தம்பியாகவே இருந்தால் என்ன செய்வது என்ற நினைப்பு காலைக் கட்டிப்போட்டது. உப்பைக் கரைத்து அவன் வாயில் வைத்தேன். மடக்மடக்கென்று குடிக்க ஆரம்பித்தான்.

"அவ எங்கடா?" என்றேன்.

அவன் குடித்துக்கொண்டே இருந்தான். உதடு டம்ளரை விட்டு நகரவில்லை. தொண்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அவன் நெஞ்சுக்குள்ளிருந்து குரல் வந்தது. அவன் குரல்தான். ஆனால் அரைக்கால் சட்டை போட்டிருந்த நாளில் அவனுக்கு இருந்த குரல்.

"பசிக்குதுண்ணே."