சாவி திருகும் தாளம்

வேனுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் வீரசிங்கம், பின்னால் மடக்குக் கட்டிலில் அவர் மனைவி குணபூசணி, தரையில் பேட்டரிப் பெட்டியோரம் மெக்கானிக் சபாபதி. சாவி குணபூசணியின் கைப்பைக்குள் இருந்தது. ஆனாலும் பெட்டியிலிருந்த இரண்டு பேட்டரிகளை இணைக்கும் சோலனாய்டு சுவிட்ச் 'டக்' என்றது.

"சாவி போடாம எப்படி அங்கிள்?" என்றான் சபாபதி.

"அதைக் கேக்கத்தானே உம்மட்ட வந்தனாங்கள்."

"இஞ்சேருங்கோ," என்றாள் குணபூசணி, "பென்ஷன் எடுத்த மனுசர் வீட்டில இருப்பினம். நீங்கள் வீட்டுக்கே சில்லு பூட்டி இழுக்கிறியள்."

சபாபதி சிரிக்கவில்லை. அலுத்திருந்தது. போன மாதம் சுங்கை வே பழைய இரும்புக் கடையில் கைக்கு அகப்பட்ட சோலனாய்டை வாங்கி மாட்டியவன் அவன்தான். அது வண்டியைக் கிளப்பும் ஸ்டார்ட்டருக்கு உரியது. ஒரு நொடி வேலை செய்தால் போதும். இரண்டு பேட்டரிகளை இணைத்தபடி வண்டி ஓடும் நேரமெல்லாம் தாங்க வேறு வகை வேண்டும். கருகல் வாடையை முகர்ந்தபடியே அதைக் கழற்றி, சரியானதைப் பூட்டினான். சத்தம் நின்றது. கணவனும் மனைவியும் ரயில் கேட் தாண்டும் வழியாகக் கிள்ளானிலுள்ள வீட்டுக்குப் புறப்பட்டார்கள். சனிக்கிழமை அதே வேனில் பினாங்குப் பயணம்.

பிரிக்பீல்ட்ஸ் பட்டறையின் தகரக் கூரைமேல் மழை ஓய்ந்து, சாக்கடை நாற்றமும் கிரீஸும் ஈரச் சாக்கும் கலந்து மூச்சை அடைத்த அதே நாள் அந்தியில், மேசைமேல் ஒயரே இல்லாமல் கிடந்த பழைய சோலனாய்டு மெல்ல 'டக்' என்றது.

இடைவெளி. டக். டக்.

அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். கிளம்பாத வண்டியில் ஒருவன் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகும் தாளம்.

இரும்புக் கடைத் தம்புசாமிக்குப் போன் செய்தான்.

"அது எந்த வண்டியோடது பாஸ்?"

"ரயில் கேட்டு நடுவுல நின்னுபோச்சே ஒரு வேன், அதோடது லா. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும்... ஏன், வேலை செய்யலையா?"

வீரசிங்கம் வீட்டில் தொலைபேசி இல்லை. சபாபதி கடிதம் எழுதினான். 'அங்கிள், பினாங்கு போக வேண்டாம். அந்த வேனில் தண்டவாளத்தைக் கடக்கவே வேண்டாம். காரணத்தை நேரில் சொல்கிறேன்.' உறையை ஒட்டினான். அந்தச் சாமானைப் பட்டறையில் விட்டுவைக்கப் பயம். ஆற்றில் எறிந்துவிடலாமென்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தான்.

தபால் பெட்டி. கடிதம் உள்ளே விழுந்தது.

டக்.

சூடு. நெஞ்சோடு ஒட்டிய சூடு. டக். டக். டக்.

சட்டைப்பைக்குள்ளிருந்து, மிகச் சன்னமாக, குணபூசணியின் குரல்.

"இஞ்சேருங்கோ... ஏன் நிண்டுட்டுது?"

ரயில் ஊதியது.

பைக்குள்.