காட்டு பங்களாவிலிருந்து ஒரு மூச்சு

கரடி எதிரே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பாஞ்சாலைக்குத் தெரியும். ஒடுகத்தூர் டெலிபோன் ஆபீசில் இருந்த, ஒயர்கள் தொங்கும் அந்தக் கறுப்பு போர்டின் முன்னால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அவள் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பெண். பத்தாம் வகுப்பு. அது 1979. பள்ளிக்கூடங்களில் தொழிற்கல்வி என்று புதிதாக ஒன்று வந்திருந்த சமயம்.

"படிச்சு முடிச்சா கையில ஒரு வேலை தெரிஞ்சிருக்கணும்" என்று வகுப்பு வாத்தியார் ராஜவேலு சார் பிள்ளைகளை ஒரு வாரம் பழகிவர அனுப்பிவிட்டார். சின்னராசு மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போனான். பாஞ்சாலை இங்கே வந்து மாட்டிக்கொண்டாள்.

'இந்தப் பெண் தேறும்' என்று ஆபீசில் சொன்னால்தான் பதினொன்றாம் வகுப்பில் இடம். இல்லாவிட்டால் படிப்புக்கு முழுக்கு. சாமைக் கொல்லையில் களை பறிக்க வேண்டியதுதான்.

அப்போதெல்லாம் சின்ன ஊர்களில் நாமாக எண்ணைச் சுழற்றிப் பேச முடியாது. போனில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால், ஆபீஸ் போர்டில் ஒரு குட்டி மூடி 'டக்'கென்று விழும். அதன் துளையில் ஒயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, வேண்டியவருடன் இணைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் தெரியாமல் குரல் மட்டும் வந்தால் சட்டென்று பதில் சொல்லக் கூடாது. பேயாக இருந்தால் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுமாம். ஆனால் பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாதாம். மூன்றாம் தடவையும் கூப்பிட்டால்தான் மனுசர்.

இங்கே என்னடாவென்றால், வருகிற குரல் ஒன்றுக்குக்கூட முகம் இல்லை!

முதல் நாள் அரிசி மில்காரர் "ஹலோ! ஹலோ!" என்று கத்தினார். பாஞ்சாலை மூன்றாவது ஹலோவுக்காகக் காத்திருந்தாள். அவர் கோபத்தில் போனை வைத்துவிட்டார்.

"வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று ஆபரேட்டர் மணியம்மாள் சீறினாள். "நாளைக்கி சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அப்பவும் வாய தொறக்கலன்னா, தேறாதுன்னு ஒங்க சாருகிட்ட சொல்லிடுவேன்."

காரணத்தைச் சொன்னால் சிரிப்பார்களே! பாஞ்சாலை தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் மத்தியானம் 'காட்டு பங்களா' என்று எழுதியிருந்த மூடி விழுந்தது. அது மலைமேல் இருக்கும் வனத்துறை விடுதி.

"நம்பர் ப்ளீஸ்" என்றாள் மணியம்மாள். பதில் இல்லை. "ஹலோ, யாரு?" என்றாள். அதற்கும் பதில் இல்லை. ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

மூடி மறுபடியும் விழுந்தது. மறுபடியும் இரண்டு தடவை கேட்டாள். மறுபடியும் பிடுங்கினாள்.

"புஸ்சு புஸ்சுன்னு மூச்சுதான் வருது. கொரங்கு பூந்து கைப்பிடிய சுத்துது போல" என்று சலித்துக்கொண்டாள்.

பாஞ்சாலைக்குச் சுருக்கென்றது. மலைமேல் யாரோ காத்திருக்கிறார்கள். மூன்றாவது தடவைக்காக!

"கொரங்கு இல்லீங்கக்கா. இன்னொரு தடவ கேளுங்க."

"ரெண்டு தடவ கேட்டாச்சி, போதும்."

'டக்.' மூடி மூன்றாம் முறையாக விழுந்தது.

பாஞ்சாலை எட்டி, ஒயரைத் தானே செருகினாள். மணியம்மாளின் காதுக்குழலை வாங்கி மாட்டிக்கொண்டாள். காதுக்குள் மூச்சு கேட்டது.

"யாருங்க?"

மூச்சு.

"யாருங்க, பேசுங்க."

மூச்சு இன்னும் வேகமாக வந்தது. ஒருவேளை நிஜமாகவே மனுசர் இல்லையென்றால்? தன் குரலை அது கேட்டுவிட்டதே! பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கத்தினாள்.

"நான் பேய் இல்லீங்க! நெல்லிவாசல் கெங்கம்மா பொண்ணு பாஞ்சாலை! மூணாவது தடவயா கூப்புடறேன், பேசுங்க!"

"தாயே! மனுசக் கொரலா?" ஓர் ஆணின் அழுகை கேட்டது. "நான் சடையன். எம் புள்ள புளிய மரத்து மேலர்ந்து வுழுந்துட்டான். காலு ஒடிஞ்சிபோச்சி, கண்ணு தொறக்கல. வாட்ச்மேன் இல்ல. அவரு சுத்தறத பாத்திருக்கேன், நானே சுத்தனேன். கொரலு வருது, ஆளக் காணோம். பயந்துட்டேன்."

பாஞ்சாலை விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மணியம்மாளின் கை ஆஸ்பத்திரிக்கு ஒயரைச் செருகிவிட்டது. அங்கிருந்து ஜீப் புறப்பட்டது. டாக்டர் லைனில் சொல்லச் சொல்ல, பாஞ்சாலை சடையனுக்குச் சொன்னாள்.

"கால அசைக்காதீங்க மாமா. வாயில தண்ணி ஊத்தாதீங்க. பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருங்க."

"பாப்பா, நீ வெச்சிடாத. தனியா கீறேன்."

"வெக்க மாட்டேன் மாமா."

மலைப்பாதையில் ஜீப் ஏறி வர நேரம் பிடித்தது. அதுவரை சடையன் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று மகனைக் கூப்பிட்டான். நடுநடுவே "பாப்பா, கீறியா?" என்று கேட்டான். "இருக்கேன் மாமா" என்று பாஞ்சாலை ஒவ்வொரு தடவையும் சொன்னாள். அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கடைசியில் ஒரு சின்னக் குரல், "அப்பா, காலு வலிக்குது" என்று முனகியது. அதற்குப் பிறகுதான் ஜீப்பின் உறுமல் கேட்டது.

பாஞ்சாலை காதுக்குழலைக் கழற்றினாள். மணியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது தடவ, மூணாவது தடவன்னு கத்தினியே, அது இன்னாடி?"

பாஞ்சாலை எல்லாவற்றையும் சொன்னாள். மணியம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணாவது தடவயும் புடுங்கிப் போட்டிருப்பேனே பாவி. ஒங்க சாருகிட்ட நல்லாவே தேறும்னு சொல்லிடறேன். நீ போர்ட பாத்துக்க, நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

"நான் தனியாவா அக்கா?"

அதற்குள் மணியம்மாள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

'டக்'கென்று ஒரு மூடி விழுந்தது. பாஞ்சாலையின் நெஞ்சு பழையபடி அடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் இருப்பவர் எவ்வளவு பயந்துபோய் இருக்கிறாரோ, யார் கண்டது? ஒயரைச் செருகினாள்.

"சொல்லுங்க" என்றாள். "நான் இருக்கேன்."