அச்சடித்து வந்த ஐந்து விடைகள்

அந்தப் படிவத்தில் முடிவு மேலே இருந்தது, கேள்விகள் கீழே. அச்சகத்தின் தவறென்றுதான் முதலில் நினைத்தாள் குமாஸ்தா சுரையா. ஆனால் நூறு தாளிலும் அப்படியே இருந்தது. வானில் கண்டது வெள்ளி கிரகமா, பலூனா, விமானமா, மேகமா, மனப்பிரமையா? ஐந்தில் ஒன்றைக் குறித்துவிட்டுத்தான் சாட்சியையே விசாரிக்க வேண்டும். ஏதோ வெளிநாட்டு விமானப்படை தயாரித்த படிவம் அது. டில்லிக்கு அது வேதவாக்கு. அப்படியே நகலெடுத்து, 1979 கார்த்திகையில் புதுச்சேரியின் இந்தச் சின்ன வானிலை அலுவலகம் வரை அனுப்பி வைத்திருந்தார்கள்.

மூன்று நாளாக விடாத மழை. நனைந்த கோப்புகளின் புழுங்கல் நாற்றமும், ஓட்டிலிருந்து வாளியில் சொட்டும் நீரும், பகலிலேயே எரியும் குண்டு பல்பின் மஞ்சளுமாக இருந்த அறையில், கனகசெட்டிக்குளத்து மீனவர் ராஜாங்கம் பற்கள் கிடுகிடுக்க நின்றார்.

"சாயங்காலமானா ஒரு வெளிச்சம் ரோட்டு மேல வந்து நிக்குதும்மா. நேத்து என் தம்பி அதுக்குக் கீழ நடந்து போனான். அதோட சரி, ஆளக் காணோம்."

சுரையாவின் கணவன் தாஜுதீன் சைக்கிளில் துணி விற்கப் போவது அதே சாலையில்தான். ஆறு மணிக்கு அவளை அழைத்துப்போக வருவான்.

"தெரியலன்னு எழுதிடலாம் சார். போலீஸ்ல ரோட்ட மூடிடுவாங்க."

அதிகாரி நாராயணசாமி நிமிரவில்லை. "அந்தக் கட்டமே இல்லியேம்மா. அவ்ளோ பெரிய விமானப்படையே ஒண்ணும் இல்லன்னுட்டான். நாம மாத்தி எழுதுனா டில்லியில சிரிப்பாங்க. வெள்ளின்னு போடுங்க."

"இந்த மழ மூட்டத்துல வெள்ளி எப்டி சார் தெரியும்?"

"போடுங்க."

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. தன்மீதே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் போட்டாள். ராஜாங்கம் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

ஐந்தே முக்காலுக்கு மழை நின்றது. தவளைச் சத்தமும் நின்றது. பிறகு, கடலின் இரைச்சலும் நின்றது.

ஜன்னல் கம்பிகளின் நிழல் மேசைமேல் விழுந்தது. உச்சி வெயில் நிழல் போலக் கறுப்பாக. மெல்ல நகர்ந்தது.

தெருவில் சைக்கிள் மணி.

அவன்தான்.

வாசலுக்கு ஓடினாள். "வராதீங்க!" என்று கத்தினாள்.

தெரு முழுக்க வெள்ளை. கண் கூசியது.

"உள்ள வாங்கம்மா," என்றார் பின்னாலிருந்து நாராயணசாமி. "பாக்காதீங்க."

பார்த்தாள்.

நடுத்தெருவில் தாஜுதீனின் சைக்கிள். கேரியரில் துணி மூட்டை. பிடிக்க ஆளில்லை. சாயவும் இல்லை. நேராக நின்றது.

மணியின் விசை மட்டும் அழுந்தியது. எழுந்தது. மறுபடி அழுந்தியது.